மண்தொட்டியில் புகை போட்ட கோழி இறக்கை: மூன்று ஒத்திகையும் ஒரு விருந்தும்

கோழி இறக்கைக்குப் புகை போடுவதில் பாதி வேலை கறிக்கடையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் பிராய்லர் கோழியை அறுத்ததும் தோலை உரித்துவிடுவார்கள். இறக்கையின் நுனியைத் தட்டிக் கழித்துவிடுவார்கள். குழம்புக்கும் வறுவலுக்கும் அது சரிதான். புகைக்குத் தோல் வேண்டும். தோலை எடுத்துவிட்டால் இறக்கையில் மிஞ்சுகிற சதை கொஞ்சம்தான், அதுவும் அரைமணி நேரச் சூட்டில் சுக்காக வற்றிப்போகும். முதல் ஒத்திகையில் எனக்கு அப்படித்தான் வற்றியது.

பங்குனி உத்திரத்துக்கு, சாஸ்தா கோயிலுக்கென்று, எங்கள் வகையறா முழுவதும் சேரன்மகாதேவிக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து அண்ணனும் மதினியும், கோவில்பட்டியிலிருந்து அக்காவும் அத்தானும், பெரியப்பா வீட்டில் ஆறு பேர், பிள்ளைகள் என்று இந்தத் தடவை 22 பேர். உத்திரத்தன்று பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து கறிச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ரயிலுக்கும் பஸ்ஸுக்குமாகப் பிரிவோம். எப்போதும் ஆட்டுக்கறிதான். இந்த வருடம் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கப் புகை போட்ட இறக்கை நான் செய்கிறேன் என்று மாசி மாதமே சொல்லிவிட்டேன். அடுப்பும் அப்போது கிடையாது, அனுபவமும் கிடையாது.

தகர டிரம்மில் செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்பூச்சை எரித்து எடுக்கவும் வேண்டும். காருகுறிச்சி எங்களுக்கு ரயிலில் அடுத்த ஸ்டேஷன், மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே போய் வயிறு பெருத்த பெரிய தொட்டி ஒன்றும் அதன் வாய்க்குச் சரியாகக் கவிழும் அகலச் சட்டி ஒன்றும் வாங்கினேன். தொட்டி இரண்டடி உயரம், வாய் ஒன்றரை அடி. வீட்டில் இறக்கியதும் நான் அதைத் தாழி என்று சொல்லிவிட்டேன். அம்மா உடனே, “நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேரைச் சொல்லாதய்யா, தொட்டின்னு சொல்லு” என்றாள். ஆற்றோடு கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். இங்கே தாழி என்றால் முதுமக்கள் தாழிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அன்றிலிருந்து அது தொட்டிதான்.

தொட்டியின் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் மேலே, காற்றுக்கு இரண்டு அங்குலத் துளை ஒன்று போட்டேன். மூடிச்சட்டியின் நடுவில் அதே அளவு இன்னொன்று. சுட்ட மண்ணில் துளை போடும்போது டிரில்லை அடிக்கிற நிலையில் வைக்கக் கூடாது. ஓடு பதிக்கிறவர்களிடம் இருக்கும் வட்ட பிட்டை மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகச் சுற்றவிட வேண்டும். தொட்டிக்குள் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்றுமணல், அதன்மேல் கரிக்கு இரும்புச் சட்டி, சட்டிக்கு மேலே நாலு செங்கல் துண்டு, அதில் ஓட்டை விழுந்த பழைய தோசைக்கல். தோசைக்கல் இருப்பதால் இறக்கைக் கொழுப்பு நேராகத் தீயில் சொட்டாது, சூடும் சுற்றிக்கொண்டு மேலே வரும். அதற்கு மேலே வெல்டிங் பட்டறையில் 6 மில்லிமீட்டர் கம்பியில் அடித்த வட்டக் கிராதி இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. பட்டறையில் ஜிஐ வலையை வெட்டித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. தீயில் அது புகைந்தால் ஆகாது.

புதுத் தொட்டியைப் பழக்க வேண்டும் என்பது அம்மா சொல்லித் தெரியும். கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஒருநாள் வைத்தேன். அப்புறம் நன்றாகக் காயவிடாமல் முதல் நாளே கரியை நிரப்பித் தீயை ஏற்றிவிட்டேன். இருபது நிமிடத்தில் பட்டென்று சத்தம். வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மண்ணுக்குள் ஊறியிருந்த நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடியிருக்கிறது. இரும்புக் கம்பியை மூன்று இடத்தில் சுற்றி முறுக்கிக் கட்டினேன். நாலு நாள் வெயிலில் போட்டேன். அதன்பின் கைப்பிடி கரி, மறுநாள் இரண்டு கைப்பிடி, அதற்கு மறுநாள் அரைச்சட்டி என்று வெறுந்தொட்டியை மூன்று நாள் சூடாக்கினேன். அந்த விரிசல் பிறகு நீளவில்லை.

முதல் ஒத்திகைக்குத் தோல் உரித்த இறக்கை ஒரு கிலோ. புகைக்கு என்ன போடலாம் என்று பார்த்தபோது புறவாசலில் கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை, குவிந்து கிடந்தது. நாலு கதம்பையைக் கரியின்மேல் போட்டு மூடினேன். வெள்ளை வெளேரென்று புகை திரண்டு வந்தது. அவ்வளவு புகை வந்தால் நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “மாட்டுக்கா மூட்டம் போடுத?” என்று கேட்டாள். ஒருமணி நேரம் கழித்து எடுத்தால் இறக்கை கறுத்து, நாக்கில் வைத்ததும் சுருக்கென்று கசப்பு. முழுதாக எரியாத விறகு விடுகிற புகை அது. கீலும் கரியும் கலந்து கறியின்மேல் படலமாகப் படிந்துவிடும், கழுவினாலும் போகாது.

புகைக்கு வேண்டியது மெல்லிய புகை. மூடித்துளையிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வெயிலுக்கு எதிரே பார்த்தால் லேசான நீலமாக இருக்க வேண்டும். கரி முழுதும் பற்றி, போட்ட விறகுத்துண்டும் சுடர் பிடித்து அடங்கிய பிறகுதான் அந்த நீலம் வருகிறது. என் அடுப்பில் இதற்கு 35 முதல் 40 நிமிடம் ஆகிறது. அதுவரை கோழி பிரிட்ஜிலேயே இருக்கட்டும். இன்னொரு சோதனையும் உண்டு. துளைக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தால் கண் எரியக் கூடாது, மூக்குக்கு இனிப்பாக இருக்க வேண்டும். கண் எரிந்தால் இன்னும் பொறுக்கணும்.

விறகுக்குக் கொய்யா. போன வருடம் கழித்த கிளைகள் கூரைக்கடியில் காய்ந்து கிடந்தன. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான துண்டுகளாக, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். தண்ணீரில் ஊறவைக்கவில்லை. ஊறிய விறகு முதலில் ஆவியைத்தான் விடும், தீயின் சூட்டையும் இறக்கும். அக்கா மகன் சீமைக்கருவேலம் போடலாமே, காடெல்லாம் கிடக்கிறதே என்றான். டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட் என்ற மரத்தில் புகை போடுகிறார்கள், அது நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய பங்காளி. அதனால் அதையும் பார்த்தேன். நல்ல வாசம்தான், காரமான வாசம். ஆனால் கை கொஞ்சம் நீண்டால் கறி கசக்கிறது. இறக்கை மாதிரிச் சின்னத் துண்டுக்குக் கொய்யாவின் சாந்தமே எனக்குப் பிடித்தது. வேம்பும் தைலமரமும் ஆகாது. அரளிக் குச்சி கலந்துவிடாமல் கவனமாகப் பொறுக்க வேண்டும், அது நஞ்சு. சூட்டுக்குச் சிரட்டைக் கரி, தேங்காய் ஓட்டில் செய்தது. அது புகையாமல் நின்று எரியும், வாசத்தில் குறுக்கே வராது.

இரண்டாவது ஒத்திகைக்குத் தோலோடு இறக்கை வேண்டும் என்று கறிக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். “நாட்டுக்கோழி மாதிரி வாட்டித் தரணுமோ? பிராய்லர்ல யாரும் கேக்க மாட்டாவளே” என்றார். பேசி முடித்தது இப்படி: உரிக்கும் முன்பே இறக்கையை இறகோடு மூட்டில் வெட்டித் தனியாகப் போட்டுவிடுவார், இறகு பறிப்பது என் பாடு. சுடுதண்ணீரில் முக்கித்தான் பறிக்க வேண்டும். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்ததில் 65 டிகிரி செல்சியஸ், ஒரு நிமிடம், இதுதான் கணக்கு. சூடு குறைந்தால் இறகு வராது. கொதிக்கிற நீரில் போட்டால் தோல் வெந்து, இழுத்ததும் இறகோடு கிழிந்து வரும். பெரிய இறகுகளை முளைத்த திசையிலேயே இழுக்க வேண்டும். தோலுக்குள் நிற்கும் குருத்துக் குச்சிகளை நகத்தால் நெருட வேண்டும். மிச்சப் பூமயிருக்கு மஞ்சளைத் தடவி அடுப்புத் தீயில் ஒரு வாட்டு. அப்போது வருகிற வாசம் எனக்குச் சின்ன வயதில் ஆச்சி வீட்டுப் புறவாசலில் நாட்டுக்கோழி வாட்டிய வாசம்.

அந்த ஒத்திகையில் கொய்யாப்புகை, 110 டிகிரி, இரண்டு மணி நேரம். வெளியே எடுத்தபோது செம்பு நிறத்தில் அத்தனை அழகாக இருந்தது. கடித்தால் உள்ளே பஞ்சு, வாசம் பிரமாதம், தோல் மட்டும் ரப்பர். பல்லுக்கு அகப்படாமல் இழுத்துக்கொண்டே முழுசாகக் கழன்று வந்தது. மதினி போனில் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உருகி வழியவும் தோலின் ஈரம் வற்றவும் 110 டிகிரி பற்றாது. மாட்டிறைச்சிக்கும் பன்றிக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சூட்டில் வைக்கிறார்கள், பெரிய துண்டு, அதற்குச் சரி. இறக்கைக்குப் புகை ஏறுவதெல்லாம் முதல் அரைமணி, முக்கால்மணிக்குள்தான். மேல்பக்கம் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும்வரைதான் புகை ஒட்டும். அதற்குப் பிறகு வேண்டியது சூடு மட்டும். ஆகவே ஒரே தீயில் இரண்டையும் முடிக்க நினைக்கக் கூடாது. தொட்டியில் 140 டிகிரியில் புகையும் வேக்காடும், பிறகு திறந்த கணலில் நேராக நாலைந்து நிமிடம் தோலுக்கு. இந்த வேலையில் நான் கண்டுகொண்ட முக்கியமான விஷயம் இதுதான்.

மூன்றாவது ஒத்திகையில் இதைச் செய்தேன். கூடவே பேக்கிங் பவுடரும் போட்டேன். அது தோலின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரத்தன்மைப் பக்கம் நகர்த்துகிறது, தோல் சீக்கிரம் சிவந்து மொறுமொறுவென்று ஆகிறது. கடையில் கேட்டு வாங்கும்போது கவனம். அடுக்களையில் இருக்கும் ஆப்பசோடா வேறு. பாதி இறக்கைக்கு அதைப் போட்டுப் பார்த்தேன், சோப்பு நக்கியதுபோல் இருந்தது.

விருந்துக்கு ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. உப்பு தடவி ராத்திரி முழுவதும் பிரிட்ஜில் திறந்து வைத்தால் தோல் நன்றாகக் காயும். ஆனால் உத்திரம் முடியும்வரை வீட்டுக்குள் கறி வரக் கூடாது. பிரிட்ஜில் சாமிக்குக் கட்டிய பூவும் பாலும் இருக்கின்றன. இதில் அம்மாவிடம் வாதாட நான் விரும்பவில்லை, எனக்கும் அது மனதுக்கு ஒவ்வாது. மறுநாள் விடிகாலையில் வாங்கினால் சாயங்காலம் வரை ஏழெட்டு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அதுவே போதுமாக இருந்தது.

உத்திரத்துக்கு மறுநாள் கறிக்கடையில் எப்படியும் கூட்டம் நெரியும், 30 கோழி காலையிலேயே விழும். ஐந்து மணிக்கு நானும் அக்கா மகனும் கடைக்குப் பின்னால் அண்டாவில் சுடுதண்ணீரோடு உட்கார்ந்துவிட்டோம். 60 இறக்கை, ஒன்றே முக்கால் மணி நேரம். அண்ணாச்சி நடுநடுவே வந்து பார்த்து, கடைசியில் அவரே ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து இறக்கை பறித்துக் கொடுத்தார். எடை 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் மூட்டு மூட்டாக வெட்டினால் 120 துண்டு, நுனிகள் தனியே. கழுவிய பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தோம். ஈரம் இருந்தால் மேலே சொன்ன எல்லாமே வீண்.

மசாலா: பொடித்த கல்லுப்பு 60 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டி 10 தேக்கரண்டி, மிளகுத்தூள் 4 மேஜைக்கரண்டி, வத்தல்தூள் (மிளகாய்த்தூள்) 3, சீரகத்தூள் 2, மஞ்சள்தூள் 1. உப்பு மட்டும் கறி எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கைத் தாண்டக் கூடாது, கடைசியில் பூசுகிற கருப்பட்டிச் சாற்றிலும் உப்பு இருக்கிறது. பிரட்டி, தட்டுகளில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். பச்சைக் கறியின் நீர் வேறு எதிலும் சொட்டிவிடக் கூடாது. மாவுச்சட்டியையும் பாலையும் அம்மா பெரியப்பா வீட்டுப் பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

கருப்பட்டியை மசாலாவில் சேர்க்கவில்லை. இனிப்பு, கணலில் பட்டதும் கருகிக் கசந்துவிடும். அமெரிக்காவில் இறக்கை விருந்துப் பண்டமானது 1964-ல் பஃபலோ நகரத்து ஆங்கர் பாரில் என்று சொல்வார்கள். அது எண்ணெயில் பொரித்து, புளிப்பான மிளகாய்ச் சாற்றிலும் வெண்ணெயிலும் பிரட்டுவது. புளிப்பு, உறைப்பு, கொழுப்பு மூன்றும் வேண்டும் என்பது புரிந்தது. நம்மிடம் புளி இருக்கிறது, வத்தல் இருக்கிறது, நல்லெண்ணெய் இருக்கிறது, அதற்கு மேலே உடன்குடிக் கருப்பட்டியும் இருக்கிறது. 300 கிராம் கருப்பட்டியை ஒரு டம்ளர் நீரில் கரையவிட்டு வடிகட்டினேன். வடிகட்டாமல் விட்டால் அடியில் நிற்கும் மண் பல்லில் நெறுநெறுவென்று அகப்படும். அதில் இரண்டு எலுமிச்சையளவு புளியின் கெட்டிக் கரைசல், ஊறவைத்து அரைத்த 15 வத்தல், தட்டிய பூண்டு ஒரு கைப்பிடி, கொஞ்சம் உப்பு. அகப்பையின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும்வரை கொதிக்கவிட்டு, இறக்கி, நல்லெண்ணெய் நாலு கரண்டி. முதல் தரம் தெர்மாமீட்டர் பார்க்கப் போய்க் கொஞ்சம் அதிகம் வற்றிவிட்டது, ஆறினதும் கமர்கட்டு மாதிரி இறுகிவிட்டது. சுடுதண்ணீர் விட்டு இளக்கினேன்.

மூன்று மணிக்குத் தீ. இரும்புச் சட்டியில் பற்றாத கரியைப் பரப்பி, நடுவில் குழி பறித்து, தனியாகப் பற்றவைத்த கரியை அதில் கொட்டினேன். இப்படி வைத்தால் தீ நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஊர்ந்து போகும், திடீரென்று ஏறாது. சூட்டைக் கீழ்த்துளையில்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஓட்டுத்துண்டால் பாதி மூடினால் இறங்கும், திறந்தால் ஏறும். மேல்துளையை எப்போதும் மூடக் கூடாது, மூடினால் புகை உள்ளேயே தேங்கிக் கறி கசக்கும். தெர்மாமீட்டர் கம்பியை அரை உருளைக்கிழங்கில் குத்திக் கிராதியின்மேல் வைத்தேன், முனை இரும்பில் படாமல் நிற்கும். பங்குனி வெயில் தொட்டியின் மேற்குப்பக்கம் நேராக அடித்ததில் 155 வரை போய்விட்டது. ஒரு கீற்றுத் தட்டியை நிறுத்தி மறைத்த பிறகு 140-க்கு வந்தது.

முதல் ஈடு 60 துண்டு. கொய்யாத் துண்டு மூன்று, 20 நிமிடம் கழித்து இன்னும் இரண்டு, அவ்வளவுதான். அரைமணியில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றினேன். ஒருமணி நேரத்தில் தடித்த துண்டின் எலும்போரம் 84 டிகிரி. கோழிக்குள் 74 வந்தாலே சாப்பிடலாம். ஆனால் இறக்கையில் சவ்வும் நரம்பும் அதிகம், 82-லிருந்து 88-க்குள் போனால்தான் அவை இளகி எலும்பைவிட்டுக் கழலும். எடுத்ததை வேறொரு சட்டியில் மூடி அடுப்போரம் சூடாக வைத்துவிட்டு இரண்டாம் ஈடு ஏற்றினேன். இந்தத் தடவை தொட்டி நன்றாகச் சூடேறியிருந்தது, 50 நிமிடத்தில் முடிந்தது.

ஆறரைக்குச் செங்கல் அடுக்கி, சிரட்டைக் கணல் பரப்பி, கிராதியை அதன்மேல் வைத்தேன். புறவாசலில் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தரத்துக்கு 20 துண்டுதான். கணலில் வைத்ததும் முதலில் சத்தமே இல்லை. அரை நிமிடத்தில் தோலில் சின்னச்சின்னக் கொப்புளமாக எழும்பி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கொழுப்பு முத்து முத்தாக நிற்கும். அந்த முத்து வழிந்து கணலில் விழுந்து சுர்ரென்றதும் திருப்ப வேண்டும். தீ நாக்கு எழும்பினால் ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். அப்படி இரண்டிரண்டு நிமிடம். தோல் இறுகி, இடுக்கியால் தட்டினால் அப்பளம் மாதிரிச் சத்தம் வந்ததும் எடுத்துச் சட்டியில் போட்டு, கருப்பட்டிச் சாறு ஊற்றி இரண்டு குலுக்கு. மறுபடி கணலில் அரை நிமிடம், பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

முதல் தட்டிலேயே அத்தை ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். “ஏ, எலும்போரம் செவப்பா இருக்கே, வேகலியோ?” இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே தெர்மாமீட்டரைக் கையில் வைத்திருந்தேன். இன்னொரு துண்டில் குத்திக் காட்டினேன், 86. பிராய்லர் ஆறு வாரத்துக் குஞ்சுதான். எலும்பு இன்னும் முற்றாமல் துளைத்துளையாக இருக்கும், வேகும்போது மஜ்ஜையின் சிவப்பு வெளியே கசியும். புகையில் இருக்கும் வாயுக்களும் சதையின் சிவப்பை அப்படியே நிறுத்திவைக்கும். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, சூட்டை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று விளக்கினேன். அத்தை முழுதாக நம்பவில்லை, அவள் பங்கைக் கூட ஒரு நிமிடம் கணலில் காட்டிக் கொடுத்தேன். அதன்பின் ஐந்து துண்டு சாப்பிட்டாள்.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் தோலை மட்டும் முதலில் பிய்த்துத் தின்றுவிட்டு, “கருப்பட்டி வாசம் வருது, எதுலல போட்ட?” என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பூசாத துண்டுகளைத் தனியாகக் கொடுத்தோம். எட்டு மணிக்குச் சட்டியில் ஏழு துண்டு. அண்ணன் அதை ரயிலுக்குக் கட்டச் சொன்னான். கோழிக்கறி ராத்திரி முழுவதும் வெளியில் இருக்கக் கூடாது, அதனால் அங்கேயே பிரித்துச் சாப்பிடவைத்துவிட்டேன்.

அடுத்த முறைக்கு இரண்டு மாற்றம் குறித்துவைத்திருக்கிறேன். மேல் கிராதிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். இரண்டு தடவையும் அதைத் தூக்கும்போது கீழ்த்தட்டில் சாம்பல் விழுந்தது. புளியை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.

வெட்டி வைத்த நுனிகளைக் கடைசித் தணலில் ஒருமணி நேரம் தொட்டிக்குள் விட்டு மூடியிருந்தேன். மறுநாள் காலையில் அம்மா அவற்றைப் போட்டுச் சால்னா வைத்தாள். ஊரில் மிச்சமிருந்த ஒன்பது பேரும் அதைப் பரோட்டாவுக்கு ஊற்றிக்கொண்டோம்.